அத்தாவைக் குளிப்பாட்டுவது

பொம்மிடி
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். அத்தாவை நான் குளிப்பாட்டுகிறேன் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் அம்மாவும் சேலத்திலிருந்து வந்திருந்த பெரியத்தாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். அம்மாவின் கைக்கட்டு அன்றுதான் போட்டது. இனி அவரை யார் குளிப்பாட்டுவது என்று பெரியத்தா கேட்டார். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் என் பக்கம் திரும்பி, "சரி, சாயிரா பாத்துக்குவா" என்றீர்கள். நிக்காஹ் நேரத்தில் பெண் வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். என் விஷயத்தில் அந்த மௌனம் இதற்குப் பயன்பட்டது.

கோபமாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபம் வரும் என்று நானும் எதிர்பார்த்தேன். வரவில்லை. காலையில் எழுகிறேன், தண்ணீர் காய வைக்கிறேன், அவ்வளவுதான்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அம்மாவுக்குக் கேட்கும். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் தபால். நீங்களும் தபாலிலேயே பதில் எழுதுங்கள்.

அம்மா விழுந்த நாளில் நடந்தது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வழக்கம்போல அம்மா பின்னால் நின்று தலையில் ஒரு சொம்பு ஊற்றியிருக்கிறார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அத்தாவுக்குப் புரியவில்லை. திரும்பிக் கையை வீசினார். அம்மா குழாய்மேல் போய் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட அம்மா, "அவரு என்னைத் தள்ளலைங்க, தண்ணியத்தான் தள்ளுனாரு" என்று சொன்னார். அதன்பிறகு அத்தா குளியலறைக் கதவைத் தாண்டிப் போவதே இல்லை. அந்தப் பக்கம் கூட்டிப் போனால் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

நீங்கள் தருமபுரியில் ஏற்பாடு செய்து அனுப்பிய ரஞ்சித்குமார் இரண்டு நாள் வந்தார். நல்ல பையன். மூன்றாம் நாள் தோளில் பல் பதிந்த இடத்தைக் காட்டி, "ஐயா நல்லவருதாங்க, தண்ணிய பாத்தா வேற ஆளா ஆயிடுறாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறதி நோய் வந்தவர்களைக் குளிப்பாட்டுவது பற்றி எனக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். அறை கதகதப்பாக இருக்க வேண்டும். தலையில் ஆரம்பிக்கக் கூடாது, பாதத்தில் ஆரம்பிக்க வேண்டும். உடம்பைத் திறந்து போடாமல் துணியால் மூடிக்கொண்டே கழுவ வேண்டும். செய்யப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். அவசரப்படக் கூடாது, வாக்குவாதம் கூடாது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் புத்தகத்திலும் மகள் என்று போட்டிருக்கவில்லை. பராமரிப்பவர் என்று இருக்கிறது. அத்தாவைப் பனியன் இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது, அண்ணே.

கடைசியாக ஒன்று. போன வெள்ளிக்கிழமை அத்தாவைப் பள்ளிவாசலுக்கு அனுப்பினோம். தொழுகையில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு நின்றார்களாம். வாடை. இந்த ஊரில் இறந்துபோகும் ஆண்களின் மய்யித்தை முப்பது வருஷமாகக் குளிப்பாட்டியவர். கூட்டிவந்து விட்ட காதர் மாமா செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரம் வூட்லயே தொழட்டும்மா" என்றார்.

நோன்புப் பெருநாள் வரைக்கும் பார்ப்போம், இல்லையென்றால் ஓசூர் முதியோர் காப்பகம் என்றீர்கள். நினைவிருக்கிறது.

சாயிரா


தும்கூர்
20 ஜனவரி 2025

சாயிராவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆகிறதோ தெரியவில்லை. கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ கேட்காததற்கெல்லாம் பதில் எழுதத் தெரியாது. கேட்டதற்கு எழுதுகிறேன். தினம் குளிப்பாட்ட வேண்டும் என்று யார் சொன்னது? வாரத்துக்கு இரண்டு தடவை போதும். நடுவில் ஈரத்துணியால் துடைத்துவிடு. குளியலறைக்கு வரமாட்டேன் என்றால் வேறு இடத்தில் வைத்துச் செய்.

ஓசூரில் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறது, பாங்கு சத்தம் கேட்கிறது. வாரம் மூன்று நாள் குளிப்பாட்டுகிறார்கள். சண்டை போடுகிறவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் பிடித்துக்கொள்வோம், ஒருத்தர் ஊற்றுவார் என்றார்கள். அதை மறைக்காமல் சொன்னார்களே என்று எனக்குத் திருப்திதான்.

நீ எழுதாமல் எழுதியிருப்பது எனக்குப் புரிகிறது. மகன் இருக்கும்போது மகள் ஏன் செய்ய வேண்டும் என்பதுதானே. நான் இங்கே மாமனார் கடையில் சீட் கவர் தைக்கிறேன். ஒரு நாள் கடை பூட்டினால் கேள்வி வரும். மாதம் ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் அது குளிப்பாட்டுவது ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். அத்தா மெத்தைக் கடை வாசலில் நின்று, தெருவே கேட்க, "பொண்டாட்டி வூட்டோட போறவன் இனி என் மௌத்துக்கு வந்தா போதும்டா" என்றார். நானும், "சரித்தா, அப்ப வர்றேன்" என்றேன். அதற்கப்புறம் வந்தபோதெல்லாம் அம்மாவைப் பார்க்கத்தான் வந்தேன். அவர் கூடத்தில் இருந்தால் நான் பின்கட்டில் இருந்தேன். இப்போது அவருக்கு அது மறந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறீர்கள். எனக்கு மறக்கவில்லை.

பெருநாள் வரை பார்.

முதசிர்


பொம்மிடி
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அத்தா குளிக்கிறார். சத்தம் போடாமல், கை ஓங்காமல்.

வேறு இடத்தில் வைத்துச் செய் என்று எழுதியிருந்தீர்கள். பின்கட்டில், அத்தாவின் கடையை மூடியபோது கொண்டுவந்து போட்ட மெத்தை தைக்கும் பலகை கிடக்கிறது. அதைக் கழுவி, மேலே ரப்பர் விரிப்புப் போட்டேன். தலைப்பக்கம் ஒரு செங்கல்லை அண்டை கொடுத்ததும் தண்ணீர் கால்பக்கமாக வடிந்து வாய்க்காலுக்குப் போய்விடுகிறது. பக்கத்து வீட்டு நஞ்சம்மா அக்கா எட்டிப் பார்க்காமல் இருக்க நாலு பக்கமும் கயிறு கட்டிப் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டேன். காற்றும் வரவில்லை.

அம்மா கட்டுக் கையோடு போர்வைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவர் போட்ட சட்டம் இது: "தொப்புளுக்குக் கீழ, முட்டிக்கு மேல உங்கண்ணு போகக் கூடாது. துணி போட்டு மூடிக்கோ. கை போகணும்னா கையில துணி சுத்திக்கோ. எதையும் வலப்பக்கமா ஆரம்பி." அதன்படியே செய்தேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பலகையைக் காட்டியதும் அத்தா அதைத் தடவிப் பார்த்தார். அவராகவே ஏறிப் படுத்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வேட்டியை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு கனமான துணியைப் போட்டேன். இடது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மேலே போட்ட துணிக்கு அடியில் கழுவிவிட்டேன். அதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாய் கொப்பளிக்கச் சொன்னால் தண்ணீரைத் துப்புவார், அல்லது கடிப்பார். அதனால் ஈரத்துணியை விரலில் சுற்றிப் பல்லைத் துடைத்துவிட்டேன், மூக்கையும் துடைத்தேன். பிறகு முகம், கை, கால். அப்புறம் தலை. இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து வலப்பக்கம் கழுவினேன். வலப்பக்கமாகத் திருப்பி இடப்பக்கம் கழுவினேன். படுக்கையில் இருக்கும் நோயாளிகளை இப்படித்தான் கழுவ வேண்டும் என்று புத்தகத்திலும் இருக்கிறது.

அவர் உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. திருப்பினால் திரும்பினார்.

இரண்டாம் தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கற்பூரம் போட்டாச்சா?" சளிக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். நம் வீட்டில் ஏது கற்பூரம்? நஞ்சம்மா அக்காவிடம் கேட்டேன். பூஜை மாடத்திலிருந்து இரண்டு வில்லை எடுத்துக் கொடுத்து, "எதுக்கு புள்ள? உங்க சாமிக்கு இதெல்லாம் ஆகாதே" என்றார். அடுத்த தடவையிலிருந்து கடைசிச் சொம்பில் கரைத்து ஊற்றுகிறேன்.

வாடை போய்விட்டது. காதர் மாமா வந்து பார்த்து, வெள்ளிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மா நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கினார். நஞ்சம்மா அக்கா மட்டும், "என்னா புள்ள, சத்தமே காணோம்? உங்கப்பன ஓசூருக்கே அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

இனி ஓசூர் வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். எனக்குச் சந்தோஷமா என்று அம்மா கேட்டார். தலையாட்டினேன்.

சாயிரா


தும்கூர்
9 பிப்ரவரி 2025

சாயிரா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ செய்வது என்னவென்று உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்க வழியில்லை. ஆம்பளை மய்யித்து குளிப்பாட்டுகிற இடத்தில் பொம்பளைங்களுக்கு என்ன வேலை? நான் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயதிலிருந்து அத்தாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் போயிருக்கிறேன். பலகை. தலைப்பக்கம் மேடு. நாலு பக்கமும் போர்வை. தொப்புளிலிருந்து முட்டி வரை துணி. இடது கையில் துணி சுற்றிக்கொள்வது. பல்லையும் மூக்கையும் ஈரத்துணியால் துடைப்பது, ஏனென்றால் அந்த ஆளால் கொப்பளிக்க முடியாது. முதலில் வலப்பக்கம், அப்புறம் இடப்பக்கம். கடைசித் தண்ணீரில் கற்பூரம்.

நீ ஒன்று விடாமல் செய்திருக்கிறாய். ஹஜ்ரத்தை வைத்துப் பாடம் படித்தவன்கூட இவ்வளவு சரியாகச் செய்யமாட்டான்.

அவர் அமைதியாக இருக்கவில்லை, சாயிரா. மய்யித்தாக இருக்கிறார். தான் மௌத்தாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அதனால்தான் கை ஓங்கவில்லை. மய்யித்து கை ஓங்காது.

இதை உடனே நிறுத்து. உயிரோடு இருக்கிற மனுஷனை வாரத்துக்கு இரண்டு தடவை சாக வைக்கிறோம். இது பாவம். உட்கார வைத்துக் குளிப்பாட்டு. இடப்பக்கம் ஆரம்பி. போர்வையை அவிழ்த்துவிடு. கையில் சொம்பைக் கொடு, அவரே ஊற்றிக்கொள்ளட்டும். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாச்சு, குளிங்கத்தா என்று சொல். கத்தினால் கத்தட்டும்.

அம்மாவிடம் சொல்லாதே. நான் கிளம்பி வருகிறேன்.

முதசிர்


பொம்மிடி
15 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி புதன்கிழமை செய்து பார்த்தேன். போர்வையை அவிழ்த்தேன். ஸ்டூலில் உட்கார வைத்தேன். கையில் சொம்பைக் கொடுத்தேன். ஜும்ஆவுக்கு நேரமாச்சு என்றேன். சொம்பு என் கன்னத்தில் பட்டது. அது தெரியாமல் பட்டதுதான். அதன்பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "யாரு நீ, யாரு நீ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நஞ்சம்மா அக்கா ஓடிவந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். தண்ணீர் பட்டது அத்தாவின் முழங்காலில் மட்டும். மதியமும் ராத்திரியும் சாப்பிடவில்லை.

நேற்று மறுபடியும் பலகையைப் போட்டேன். ஏறிப் படுத்தார்.

இப்போது போன கடிதத்தில் எழுதாததை எழுதுகிறேன். கற்பூரம் கேட்டபோது எனக்குத் தெரியாது. அதற்கு அடுத்த தடவை தெரிந்துவிட்டது. உங்களுக்கு எழுதும்போது எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று கற்பூரத் தண்ணீர் ஊற்றி முடித்தேன். துவட்டிக்கொண்டிருந்தேன். அத்தா கண்ணைத் திறக்காமல், மெதுவாக, கடைக்கு வரும் ஆட்களிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"முதசிர் வந்துட்டானா?"

நான், "இல்லத்தா, இன்னும் வரல" என்றேன். வேறென்ன சொல்வது?

"அவன் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றார். "வர்றேன்னு சொல்லிட்டுப் போனவன்."

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். நீங்கள் கடை வாசலில் நடந்ததை எழுதியிருந்தீர்கள் அல்லவா, அப்போதுதான் அது என்னவென்று எனக்குப் புரிந்தது. அவருக்கு எல்லாம் மறந்திருக்கிறது. என் பெயர் பாதி நாள் தெரிவதில்லை. நீங்கள் கொடுத்த வாக்கு மட்டும் எங்கேயோ இருக்கிறது.

பிறகு கண்ணைத் திறந்தார். யாரும் எடுக்க வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டார் போலிருக்கிறது. எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். "சக்கரை கம்மி" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே பதில், அப்புறம் டீ.

பாவம் என்கிறீர்கள். இருக்கலாம். எது பாவம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் நிறையப் படித்தவள் என்று நம் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. மரணத்தைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். தன்னை மய்யித்து என்று நினைத்துக்கொண்டு சர்க்கரை கம்மி என்று சொல்கிறவரைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. எனக்குத் தெரிந்தது, என் கைக்குக் கீழே அவர் பயப்படவில்லை என்பதுதான். புதன்கிழமை பயந்தார். ஓசூரில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளும்போது அவர் என்னவாக இருப்பார்? அங்கே உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொள்வார், அவ்வளவுதானே?

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டாம். ஒரு மாதத்துக்கு முன்னால் நீங்கள் வராததுதான் எனக்குக் குறையாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. நீங்கள் வந்துவிட்டால் அவர் எதற்காக எழுந்து உட்கார வேண்டும்? எடுங்கள் என்று சொல்லிவிட்டு அப்படியே படுத்திருந்தால் நான் என்ன செய்வேன்? நீங்கள் வராதவரைக்கும் அவர் டீ குடிப்பார்.

சாயிரா


தும்கூர்
2 மார்ச் 2025

சாயிராவுக்கு,

இன்று முதல் நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பிட்டுவிட்டு, கடை திறப்பதற்குள் எழுதுகிறேன்.

நீ வராதே என்று எழுதியும் வந்தேன். கதவைத் திறந்தாய். தண்ணீரைக் காய வைத்துக் கொண்டுவந்து வைத்தாய். நான் போர்வைக்குள் போனதும் நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு முன்கட்டுக்குப் போய்விட்டாய். முடித்து வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்தாய், என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டேன். அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்குள் வந்ததும் அத்தா என்னைப் பார்த்தாரே, யாரோ கடைக்கு வந்த ஆள் என்று உட்காரச் சொன்னாரே, அது உனக்குத் தெரியும். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. அவர் மனதில் இருக்கிற முதசிருக்குத் தாடி நரைக்கவில்லை.

நான் ஒரு முடிவோடுதான் உள்ளே போனேன். பலகையில் படுக்க விடக் கூடாது என்று. ஆனால் நான் வாய் திறப்பதற்குள் ஏறிப் படுத்துவிட்டார். கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டார். எழுப்பலாம் என்று தோளைத் தொட்டேன். தொட்டதும் கை நின்றுவிட்டது. அந்த உடம்பை நான் ஆறு வருஷமாகத் தொடவில்லை. சின்னதாகிவிட்டது.

அப்புறம் வேலையை ஆரம்பித்தேன். அவர் செய்வதைப் பார்த்தவன்தானே, கை தன்னால் போயிற்று. முதல் சொம்பை வேகமாக ஊற்றிவிட்டேன் போல. கண்ணை மூடிக்கொண்டே, "மெதுவாப்பா. மய்யித்துக்கும் வலிக்கும்" என்றார். பழைய குரல். அப்போதெல்லாம் இதையே என்னிடம் சொல்வார். நான் மெதுவாக ஊற்றினேன்.

வலப்பக்கம் முடித்துத் திருப்பும்போது, "நீ எந்த ஊருப்பா?" என்றார்.

"தும்கூருங்க."

"அங்கதான் எம் பையன் இருக்கான். பொண்டாட்டி வூட்டோட போயிட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லாத்தான் இருக்கானாம்" என்றார். "தகவல் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சுங்க."

கற்பூரத் தண்ணீரை ஊற்றினேன். துவட்டினேன். வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

"வந்துட்டானா?"

சாயிரா, ரயிலில் வரும்போது முழுக்க இந்த இடத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நான்தான் அத்தா, வந்துட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று. மன்னிப்பு கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. வந்துவிட்டேன் என்று அவர் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். மாமனாரிடம் சொல்லக்கூட இல்லை.

"இன்னும் வரலைங்க" என்று சொன்னேன்.

"அப்ப இருக்கட்டும்" என்றார்.

நான் அவர் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "நீ டீ சாப்புடுறியாப்பா?" என்று கேட்டார். அப்போதுதான் நான் வெளியே வந்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

இங்கே எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். குளிப்பாட்டுகிறவர் உயிரோடு இருக்கிறவரைச் சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துத்தானே செய்கிறார், அது போதும் என்றார். படுத்திருக்கிறவர் என்ன நினைத்தாலும் அதற்கு இவர் பொறுப்பில்லையாம். எனக்கு அது முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஓசூருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை கடை மூடியதும் கிளம்பி வருகிறேன். வெள்ளி காலையில் நான் குளிப்பாட்டுகிறேன். வாரத்தின் நடுவில் ஒரு தடவை நீ செய். மாமனார் கேட்டார், சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பட்டும்.

நான் வந்தேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

முதசிர்


பொம்மிடி
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வாராவாரம் நேரில் வருகிறவருக்குத் தபால் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் வரும்போது இதைச் சொல்ல முயன்றேன். போன வெள்ளிக்கிழமை நீங்கள் கிளம்பிய அன்றும் ஸ்டேஷன் வரை வந்து நின்றேன். ரயில் வந்துவிட்டது.

முதலில் மற்ற விஷயங்கள். அம்மாவின் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல் முழுதாக மடங்கவில்லை, பந்து ஒன்றைப் பிடித்துப் பிடித்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு நாம் அத்தாவை எப்படிக் குளிப்பாட்டுகிறோம் என்பது தெரியும் போலிருக்கிறது. நான் சொல்லவில்லை. போன வாரம் போர்வைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "எனக்கு இப்படி எல்லாம் பண்ணாத, சாயிரா. நான் கத்துனாலும் பரவால்ல" என்றார். சரி என்றேன்.

நோன்பு மாதத்தில் அத்தா பகலில் டீ கேட்பதைப் பற்றி நஞ்சம்மா அக்கா விசாரித்தார். "உங்க ஆளுங்க எச்சில்கூட முழுங்க மாட்டாங்களே, உங்கப்பனுக்கு மட்டும் என்னா சலுகை?" என்றார். அவருக்கு எல்லாம் மன்னிப்புதான் அக்கா என்றேன். "அது சரி, கொடுத்து வச்சவரு" என்றார்.

தருமபுரி கல்லூரியிலிருந்து பாடம் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூனில் வகுப்பு தொடங்குகிறது. வாரத்தில் நாலு நாள். போகலாம் என்று இருக்கிறேன்.

இப்போது சொல்ல வந்தது.

பெருநாள் வந்த வாரமே, புதன்கிழமை, நான்தான் குளிப்பாட்டினேன். எல்லாம் வழக்கம்போல. கற்பூரத் தண்ணீர் ஊற்றினேன், துவட்டினேன். கேட்பார் என்று துண்டோடு நின்றேன். கேட்கவில்லை. கண்ணைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். மறந்திருப்பார், அடுத்த தடவை கேட்பார் என்று நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை உங்களிடம் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்த விதத்தில் தெரிந்தது. நீங்களும் என்னிடம் சொல்லவில்லை.

அதற்கடுத்த புதனும் இல்லை. போன புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். செய்திருக்கக் கூடாதோ என்னவோ. அவர் கேட்காமலேயே, துவட்டும்போது, நானாகச் சொன்னேன்.

"முதசிர் இன்னும் வரலத்தா."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பயமோ வருத்தமோ எதுவும் இல்லை. தெரியாத ஊரின் பெயரைச் சொன்னால் கேட்பதுபோல, "யாரு?" என்றார்.

நான் துவட்டி முடித்தேன். அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

நீங்கள் இனி உங்கள் பெயரைச் சொல்லலாம். நான் பயந்ததுபோல ஒன்றும் ஆகாது. அதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது. சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உங்கள் இஷ்டம்.

இன்று செவ்வாய்க்கிழமை. வெயில் அதிகம் என்பதால் நாளைக்குப் பதில் இன்றே குளிப்பாட்டினேன். பலகையைக் காட்டினேன், ஏறிப் படுத்தார். சத்தம் போடவில்லை. எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும் அப்படியே தூங்கிவிட்டார். வெயில் பின்கட்டுக்குள் வரும்வரை எழுப்பவில்லை.

சாயிரா